மல்லர் திலகம் காமா

தோற்றுவாய்

சுவரின்றிச் சித்திரம் எழுதுதல் இயலாது என்னும் மூதுரையைக் கேளாதார் நம் நாட்டில் இலர். ஆயினும், கல்லூரியிற் புகுந்து நூல்களோடு உறவாடும் நம்மிற் பலர், சித்திரத்தின் வண்ணங்களை ஆராய்வதிலேயே காலத்தைக் கழித்துச் சுவரை மறந்துவிடுகின்றனர். தேர்வு நெருங்கும் திங்கள்களில் கண் குழிந்து, தோள் ஒடுங்கி, மாடிப்படி ஏறிய மாத்திரத்தே மூச்சு வாங்கி நிற்கும் மாணவரைக் காண்டல் அரிதன்று. அவரை உடற்பயிற்சி செய்யுமாறு தூண்டின், அதற்கு வேண்டிய பொருளும் கருவியும் இடமும் தம்மிடம் இல்லை என்று விடை பகர்வர். இவ்விடை பொருந்தாதென்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் நிலைநாட்டிய வீரர் ஒருவர் நம் பரத கண்டத்தில் வாழ்ந்தார். பாய் விரிக்கும் அளவு நிலமும், பெற்றோர் தந்த உடலுமே அவருடைய முதற் கருவிகள். அவற்றைக் கொண்டே உலகப் பெருமல்லரை எதிர்த்து நின்று, நெடிய மற்போர் வாழ்வில் தோல்வி அறியாதவர் என்னும் புகழைப் பெற்றார். அவரே காமா பயில்வான்.

காவிரியினின்றும் குடமுருட்டியாறு பிரியும் திருக்காட்டுப்பள்ளியிலும், அதனைச் சூழ்ந்த தஞ்சை மருதநிலத்து ஊர்களிலும், தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, கோதா, குஸ்தி, உஸ்தாது, பயில்வான் முதலிய சொற்கள் எழுத்தறியாதாரும் அறிந்தவை. ஒருவன் ஒரு செயலில் எதிர்ப்புக்கு அஞ்சாது முன்வந்தால், அவன் கோதாவில் இறங்கிவிட்டான் என்கிறோம். தஞ்சையில் 1676 முதல் 1855 வரை மராட்டிய மரபினர் ஆண்ட காலத்தில் வடபுலத்து வழக்குகள் பல நம்மிடையே வேரூன்றின. குஸ்தி, உஸ்தாது, பயில்வான் என்பன போன்ற சொற்களும் வடக்கினின்று வந்து நம் மொழியிற் குடியேறியவையே. சொற்கள் நம்மிடம் தங்கிவிட்டன. அவற்றின் பொருளோ நாளுக்கு நாள் மங்கி வருகின்றது. ஆதலின், காமாவின் வரலாற்றைக் கூறுமிடத்து, அவர் பயின்ற முறையின் கலைச்சொற்களையும், அவற்றின் அடிப்படையாய் நிற்கும் நெறிகளையும் உடன் விளக்க முற்படுவோம்.

பிறப்பும் வளர்ப்பும்

காமாவின் இயற்பெயர் குலாம் முகம்மது பக்ஷ் என்பது. காஷ்மீரத்தைப் பூர்விகமாகக் கொண்டு பஞ்சாபில் நிலைத்த முஸ்லிம் மல்லர் குடும்பம் ஒன்றில் 1878ஆம் ஆண்டில் இவர் தோன்றினார். தந்தையார் முகம்மது அஜீஸ் பக்ஷ், ததியா சமஸ்தானத்து மன்னரின் ஆதரவு பெற்ற மல்லர். அக்காலத்தில் வடநாட்டுச் சிற்றரசர்கள் புலவரையும் இசைவாணரையும் போற்றியவாறே மல்லரையும் தம் அவைக்கு அணியாகக் கருதிப் போற்றினர். உணவும் உறையுளும் அரண்மனையினின்று வரும். மல்லர்க்குப் பயிற்சியொன்றே தொழில்.

காமாவுக்கு ஆறு வயது அளவிலேயே தந்தையார் உயிர் நீத்தார். பின்னர் தாயைப் பெற்ற பாட்டனார் நூன் பயில்வான் இவரை வளர்த்தார். அவரும் சின்னாளில் மறையவே, மாமனாகிய ஈதா பயில்வான் இவரைத் தம் பொறுப்பில் ஏற்று, மற்போரின் முதற் பாடங்களைக் கற்பித்தார். தந்தை விட்ட இடத்தினின்று மகன் தொடரவேண்டும் என்பதே அக்குடும்பத்தாரின் நோக்கம். பிற சிறுவர் விளையாட்டிற் பொழுது போக்கும் பருவத்தில், இச்சிறுவர் வைகறையில் எழுந்து தண்டாலும் பஸ்கியும் எண்ணிக்கை தவறாது செய்துவந்தார்.

அப்பயிற்சியின் பயன் 1888இல் உலகறிய வெளிப்பட்டது. ஜோத்பூர் மன்னர் தம் நகரில் வலிமைப் போட்டி ஒன்று நடத்தினார். நாட்டின் பல பகுதிகளினின்றும் 400க்கு மேற்பட்ட மல்லர் திரண்டனர். அப்போட்டியிற் பஸ்கியும் ஓர் அங்கம்; பஸ்கி செய்துகொண்டே இருத்தல் வேண்டும்; நிறுத்தியவர் விலகுதல் வேண்டும். நேரம் செல்லச் செல்ல மீசை முறுக்கிய மல்லர் பலர் கால் சோர்ந்து விலகினர். இறுதியில் எஞ்சி நின்ற 15 பேருள் பத்து வயதுச் சிறுவராகிய காமாவும் ஒருவர். மன்னர் வியப்புற்று, இவ்விளம் பருவத்தில் இத்துணை உறுதி காட்டிய இவரே வென்றவர் எனத் தீர்ப்புக் கூறினார். அன்று காமா எவரையும் மண்ணில் வீழ்த்தினாரல்லர். பெருங்கல் எதனையும் தூக்கினாரல்லர். அமர்தல், எழுதல் என்னும் ஓர் எளிய அசைவையே பிறர் விட்டபோதும் விடாது செய்தார். அவர் வாழ்க்கை முழுவதற்கும் இந்நிகழ்ச்சி ஒரு முன்னுரை போன்றது.

பதினேழு வயதளவில் குஜ்ரன்வாலா ஊரினராகிய ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவை எதிர்க்கும் வாய்ப்பு இவருக்குக் கிட்டியது. ரஹீம் அந்நாளில் நாடறிந்த பெருமல்லர். உயரம் ஏறத்தாழ 7 அடி. காமாவோ 5 அடி 8 அங்குலத்துக்கு மேற்படாதவர். யானைமுன் முயல் நிற்பதுபோல் இருந்தது என்று கண்டோர் கருதினர். மணிக்கணக்காக நடந்த அப்போர் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. பெருமல்லரோடு சமமாக நின்ற இளைஞரின் பெயர் அன்றுமுதல் வடநாடெங்கும் பரவலாயிற்று.

பயிற்சியின் கலைச்சொற்கள்

இனி, இவ்வாற்றலை அளித்த பயிற்சி எத்தகையது என்பதை நோக்குவோம்.

முதலாவது தண்டால். வடநாட்டார் இதனை தண்ட் என்பர். உள்ளங்கைகளையும் கால்விரல்களையும் நிலத்தில் ஊன்றி, கைகால்களை நீட்டி, இடுப்பு கூரைமுகடுபோல் உயர்ந்து நிற்கத் தொடங்குதல் வேண்டும். பின்னர்க் கைகளை மடக்கி, தலையும் மார்பும் இரு கைகளுக்கும் இடையே நிலத்தை உராய்வனபோல் தாழ்ந்து முன்செல்ல, படமெடுத்த அரவம்போல் மார்பு நிமிர்தல் வேண்டும். மீண்டும் இடுப்பைப் பின்னே உயர்த்திப் பழைய நிலையை அடைந்தால் ஒரு தண்டால் முடிந்தது. தோள், மார்பு, முதுகு, வயிறு, இடுப்பு ஆகிய யாவும் இவ்வோர் அசைவில் தொடர்ந்து உழைக்கின்றன. எதிரியின் பிடியினின்று வழுவி உள்ளே புகுதற்கும், கீழே அகப்பட்டவிடத்து எழுதற்கும் மல்லனுக்கு வேண்டுவது இவ்வசைவே.

இரண்டாவது பஸ்கி. இதனை வடநாட்டார் பைட்டக் என வழங்குவர். அமர்தல் என்பது அதன் பொருள். நேரே நின்று, முழங்கால்களை மடக்கி, குதிகால் நிலத்தினின்று எழும்ப முற்றிலும் அமர்ந்து, கைகளை வீசி எழுதல் பஸ்கியாம். தண்டால் மேலுடலை வளர்க்க, பஸ்கி தொடையையும் இடுப்பையும் உறுதி செய்கின்றது. இரண்டும் ஒரு வண்டியின் இரு சக்கரங்கள். வேர் பற்றாத மரம் காற்றில் வீழ்வதுபோல், கால் உறுதியற்ற மல்லன் முதல் மோதலிலேயே வீழ்வான்.

மூன்றாவது கர்லாக்கட்டை. அடி பருத்துக் கைப்பிடி சிறுத்த மரக்கட்டையைத் தோளின் பின்னே வட்டமாகச் சுழற்றுதல் இதன் முறை. ஒற்றைக் கட்டையாகவும் இணைக் கட்டையாகவும் சுழற்றுவர். பளுவை மேலே தூக்கி நிறுத்துவதன்று இதன் கருத்து. ஓடும் பளுவை அடக்கி ஆளுதலே கருத்து. கைப்பிடியின் உறுதியும் தோள் மூட்டின் நெகிழ்வும் இதனால் ஒருங்கே வாய்க்கின்றன.

நான்காவது கல்வளையம். நடுவே துளையுடைய வட்டக் கல்லைக் கழுத்தில் அணிந்து பஸ்கி செய்தல் மல்லர் வழக்கம். இதனை ஹஸ்லி என்பர். காமா பயன்படுத்தியதாகக் கூறப்படும், ஏறத்தாழ 95 கிலோ எடையுள்ள வளையம் ஒன்று பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் காட்சிச்சாலையில் வைக்கப்பெற்றுள்ளது.

ஐந்தாவது கோதா. மற்போர் நிகழும் மண்களமே கோதா. அம்மண்ணை மண்வெட்டியால் நாள்தோறும் வெட்டிப் புரட்டிப் பதப்படுத்துதல் மல்லனின் கடமை. எண்ணெய், மோர், மஞ்சள் முதலியன கலந்து மண்ணை மென்மையாக்குவர். வெட்டுவதும் ஒரு பயிற்சியே. களத்தை ஆயத்தம் செய்யும் உழைப்பே உடலையும் ஆயத்தம் செய்துவிடுகின்றது. கோதாவில் துணைவரோடு மாறி மாறிப் பொருது பழகுதலை ஜோர் என்பர். இவை யாவற்றையும் கண்காணித்து, எவனுக்கு எவ்வளவு தகும் என்று வரையறுப்பவர் உஸ்தாது.

நாள் ஒன்றுக்கு 5,000 பஸ்கியும் 3,000 தண்டாலும் காமா செய்தார் என்றும், 40 மல்லரோடு மாறி மாறிப் பொருதார் என்றும் கூறுவர். இஃது இயலுமோ என ஐயுறுவார் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பஸ்கிக்கு 2 விநாடி எனக் கொள்ளின், 5,000 பஸ்கிக்கு 2 மணி 46 நிமிடம் செல்லும். ஒரு தண்டாலுக்கு 3 விநாடி எனின், 3,000 தண்டாலுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். வேறு தொழிலற்று, விடியலுக்கு முன்னரே எழுந்து, அரசர் ஆதரவில் வாழ்ந்த ஒருவர்க்கு இஃது அரிதே ஆயினும் இயலாததன்று. அவ்வுழைப்புக்கு ஏற்றவாறு பாலும் நெய்யும் பாதாம் பருப்பும் இறைச்சிச் சாறும் அவருக்கு உணவாயின. எண்ணெயிட்டு உடலைப் பிடித்துவிடுதலும், நண்பகல் உறக்கமும் அன்றாட முறையில் அடங்கியிருந்தன.

ஆயினும், புகழ் பெற்றார்மேல் கதைகள் படர்தலும் இயல்பே. பரோடா நகரத்துக் காட்சிச்சாலையில் ஒரு பெருங்கல் உண்டு. 1902 டிசம்பர் 23இல் காமா அதனைத் தூக்கினார் என்பது செய்தி. அதன் எடை 1,200 கிலோ என்பர். தனி மனிதன் ஒருவன் அத்துணை எடையை நிலத்தினின்று எடுத்துச் சுமந்தான் என்பதை உடலியல் அறிந்தார் ஏற்றல் அரிது. நம் தென்பாண்டி ஊர்களில் இளவட்டக்கல்லைத் தூக்கிய முன்னோரைப் பற்றிய கதைகளும் ஆண்டுதோறும் சிறிது வளர்ந்தே வருகின்றன. காமாவின் பெருமைக்கு அக்கல் வேண்டுவதில்லை. நாள்தோறும் தவறாத அவருடைய எண்ணிக்கையே போதும்.

பயிற்சியின் நெறிகள்

மேற்கூறிய பயிற்சிகளை ஒருசேர நோக்கின், அவற்றினூடே சில நெறிகள் இழையோடுதல் புலனாகும்.

உடலே முதற் பளு என்பது முதல் நெறி. தன் உடலைத் தான் விரும்பியவாறு தாழ்த்தவும் உயர்த்தவும் இயலாதவன், பிறிதொன்றைத் தூக்க முயல்வது அடித்தளமிடாமல் மேல்தளம் எழுப்புவதை ஒக்கும். காமா கல்வளையத்தைப் பிற்காலத்தில் அணிந்தார். ஜோத்பூரில் வென்றதோ வெறும் உடலோடு.

தசையை அன்று, அசைவைப் பயிற்றுக என்பது இரண்டாம் நெறி. இதனைத் தஞ்சை நாட்டார்க்கு விளக்குதல் எளிது. அறுவடை இயந்திரங்கள் வருமுன்னர், நம் களங்களிற் கதிர் அடித்த உழவனை நினைமின். அவன் காலை ஊன்றி, இடுப்பை வளைத்து, தோளை வீசி, மூச்சை விட்டு அடித்தான். கையால் மட்டும் அடித்தவன் ஒரு நாழிகையிற் சோர்ந்தான். உடல் முழுவதாலும் அடித்தவன் பொழுது சாயும்வரை அடித்தான். தண்டாலும் பஸ்கியும் இவ்வாறு உடலின் உறுப்புகளை ஒன்றோடொன்று இணங்கி உழைக்கப் பழக்குகின்றன.

மூச்சும் அசைவும் ஒன்றுபட வேண்டும் என்பது மூன்றாம் நெறி. நிமிரும்போது உள்வாங்கி, உழைக்கும்போது வெளிவிட்டு, ஒரே தாளத்திற் செல்லும் பயிற்சியே நெடுநேரம் நீடிக்கும். மூச்சு முந்தினால் உடல் பிந்தும். மணிக்கணக்கிற் பொருத மல்லனுக்கு வெற்றியைத் தந்தது கையைக் காட்டிலும் மூச்சே எனலாம்.

சிறிது சிறிதாகப் பெருக்குக என்பது நான்காம் நெறி. பத்து வயதிற் சில நூறாக இருந்தது, பல ஆண்டுகளிற் பல ஆயிரமாயிற்று. ஈண்டு ஒன்று கூறுதல் தகும். எண்ணிக்கையைப் பெருக்குதல் உடலின் பொறுமையை வளர்க்கும். பளுவைப் பெருக்குதல் அதன் வலிமையை வளர்க்கும் என்று இக்கால உடற்பயிற்சி நூலார் வேறுபடுத்திக் கூறுவர். அந்நூல்களைக் கற்றிராத பழைய உஸ்தாதுமார் எண்ணிக்கைக்குத் தண்டாலையும் பஸ்கியையும், பளுவுக்குக் கல்வளையத்தையும் வகுத்து வைத்தமை கருதத்தக்கது.

பயிற்சி செயலுக்கு உதவ வேண்டும் என்பது ஐந்தாம் நெறி. காமா தண்டாலைத் தண்டாலுக்காகச் செய்தாரல்லர். கோதாவில் நிற்பதற்காகச் செய்தார். தனித்துச் செய்த பயிற்சியை நாள்தோறும் ஜோரில் உரைத்துப் பார்த்தார். ஓய்வும் பயிற்சியின் ஒரு கூறே என்பது ஆறாம் நெறி. உழைத்த உடல் வளர்வது உறக்கத்திலேயாம்.

இந்நெறிகளின் அருமையை உணர்தற்கு, அக்காலத்து மேனாட்டு முறை ஒன்றோடு ஒப்பிடுதல் பயன் தரும். பிரஷ்ய நாட்டுக் கோனிக்ஸ்பர்க் நகரில் 1867இல் பிறந்து 1925இல் மறைந்த யூஜின் சாண்டோ என்பார், சிறு இருப்புக் குண்டுகளைக் கையிற்கொண்டு ஒவ்வொரு தசைமேலும் மனத்தைச் செலுத்திப் பயிலும் முறையைப் பரப்பினார். 1901இல் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் உடலழகுப் போட்டி நடத்தினார். இந்தியாவுக்கும் அவர் வருகை தந்தார். நம் நாட்டு இளைஞர் அவர் பெயரில் மயங்கினர். கையற்ற உள்ளாடையைச் சாண்டோ பனியன் என்று நாம் இன்றும் வழங்குவது அம்மயக்கத்தின் சுவடு. சாண்டோவும் பேராற்றல் வாய்ந்தவரே. எனினும், அவர் முறையிற் கண்ணாடி பயில்வோனுக்குத் துணை. காமாவின் முறையில் எதிரே நிற்கும் மல்லனே துணை. கட்டமைந்த தசை கண்ணுக்கு இனியது. இணங்கிய அசைவோ காலத்துக்கு உதவுவது.

இலண்டன் மாநகரில்

1910ஆம் ஆண்டு வரலாற்றில் நிலைத்த ஆண்டு. வங்காளத்துச் செல்வராகிய சரத்குமார் மித்திரர் பொருளுதவி புரிய, காமாவும் அவர் தம்பி இமாம் பக்ஷும் வேறு மல்லர் சிலரும் இலண்டன் சென்றனர். ஜான் புல் என்னும் பத்திரிகையின் சார்பில் உலக மற்போர்ப் பட்டமும் கச்சையும் 250 பவுன் பரிசும் வழங்கப்பெறும் போட்டி நிகழவிருந்தது. ஆனால், காமாவின் உயரம் போதாதென்று கருதிப் போட்டியாளர் அவரை முதலிற் சேர்த்துக்கொள்ளவில்லை. ஏழாயிரம் கல் கடந்து வந்தவர் வாயிலில் நிறுத்தப்பெற்றார்.

காமா மனம் தளர்ந்தாரல்லர். எவ்வெடையினராயினும் மூன்று மல்லரை முப்பது நிமிடத்துள் வீழ்த்துவதாக அறைகூவல் விடுத்தார். வீண் பெருமை என்று எண்ணியவர் முதலில் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் அமெரிக்க மல்லரும் மருத்துவருமாகிய பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். 1910 ஆகஸ்டில் நிகழ்ந்த அப்போரில் இருமுறை பொருது இருமுறையும் ரோலரைக் காமா வீழ்த்தினார். முதன்முறை இரண்டு நிமிடமும் முற்றுப்பெறவில்லை. அடைத்த வாயில் திறந்தது. காமா போட்டியில் இடம் பெற்றார்.

செப்டம்பர் 10ஆம் நாள் இறுதிப் போர். எதிர்த்தவர் போலந்து நாட்டுப் பெருமல்லர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோ. அவர் காமாவினும் எடை மிக்கவர். உலகின் முன்னணி மல்லருள் ஒருவர் என மதிக்கப்பெற்றவர். போர் தொடங்கிய ஒரு நிமிடத்துள் காமா அவரைக் கீழே தள்ளினார். ஆனால், முதுகு நிலத்திற் படியுமாறு புரட்டினாலன்றி வெற்றி இல்லை. ஸ்பிஷ்கோ தாம் செய்யத்தக்கது இன்னதென்று உடனே துணிந்தார். களத்தின்மேற் கவிழ்ந்து படுத்து, நிலத்தைப் பற்றிக்கொண்டு, ஆமைபோல் அடங்கிக் கிடந்தார். காமா புரட்ட முயல்வதும், அவர் அசையாது கிடப்பதுமாக இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கடந்தது. பார்க்க வந்தோர் சலிப்புற்றுக் கூச்சலிட்டனர். முடிவின்றிப் போர் நிறுத்தப்பெற்று, செப்டம்பர் 17ஆம் நாள் மீண்டும் பொருவதென முடிவு செய்யப்பெற்றது. குறித்த நாளிற் காமா களத்தில் வந்து நின்றார், ஸ்பிஷ்கோ வரவில்லை. கச்சையும் பரிசும் காமாவுக்கே உரியவாயின.

அந்நாளில் உலக வீரர் எனப் போற்றப்பெற்ற அமெரிக்கராகிய பிராங்க் காட்ச், ரஷ்ய நாட்டு வழிவந்த ஹாக்கென்ஷ்மிட் ஆகியோரோடு பொர வேண்டும் என்பது காமாவின் வேட்கை. அவ்விருவரும் அவரை எதிர்த்துக் களம் புகுந்தாரல்லர். வெற்றியோடு மீண்டும், உள்ளத்தில் ஒரு குறையோடும் அவர் தாயகம் திரும்பினார்.

திரும்பிய பின், அலகாபாத்தில் ரஹீம் சுல்தானிவாலாவை மீண்டும் எதிர்த்தார். முன்னர் வெற்றி தோல்வியின்றி முடிந்த பகைமை அங்குத் தீர்ந்தது, காமா வென்றார். ருஸ்தம்-ஏ-ஹிந்த் என்னும் பட்டம் அவரைச் சேர்ந்தது. ருஸ்தம் என்பவன் பாரசீகக் காவியத்து மாவீரன். இந்தியாவின் ருஸ்தம் என்பதே அப்பட்டத்தின் பொருள். ரஹீமைத் தாம் எதிர்த்தவருள் மிக வலியர் எனக் காமா இறுதிவரை மதித்துப் பேசினார் என்பர்.

பாட்டியாலாவில்

இலண்டனில் முடிவுறாத போர் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் பாட்டியாலாவில் முடிவுற்றது. அச்சமஸ்தானத்தின் மன்னர் பூபிந்தர் சிங், விளையாட்டுக்களைப் போற்றிய புரவலர்; காமாவுக்கும் ஆதரவளித்தவர். அவர் ஏற்பாட்டின்படி 1928 ஜனவரியில் ஸ்பிஷ்கோ கடல் கடந்து வந்தார். பல்லாயிரவர் கூடினர். காமாவுக்கு வயது ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தது. இலண்டனிற் போலவே போர் மணிக்கணக்கில் நீளும் என எதிர்பார்த்து அமர்ந்தோர், அமர்ந்த இடத்திற் பொருந்துமுன்னரே எழ நேர்ந்தது. ஒரு நிமிடமும் முற்றுப்பெறவில்லை. ஸ்பிஷ்கோவின் முதுகு மண்ணைத் தொட்டது.

இவ்வெற்றியை வியப்போர், இடையே கழிந்த பதினெட்டு ஆண்டுகளையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். இலண்டனிற் பெற்ற கச்சையோடு மனநிறைவுற்றுக் காமா பயிற்சியை நெகிழவிட்டிருப்பின், பாட்டியாலாவில் வேறு செய்தியே எழுதப்பட்டிருக்கும். எதிரியே இல்லாத ஆண்டுகளிலும் வைகறையில் எழுந்து தண்டால் எடுத்தவர் அவர். பார்ப்பார் பல்லாயிரவர் முன்னிலையில் ஒரு நிமிடத்திற் கிட்டிய வெற்றி, பார்ப்பார் ஒருவருமில்லாத பல்லாயிரம் விடியல்களில் ஈட்டப்பெற்றது.

மறுநாடுகளினின்றும் எதிர்ப்பார் குறைந்தனர். நிகரானவரைத் தேடியும் காணாமை பெருவீரர்க்கு நேரும் ஒரு வறுமை. ஒரு சில போர்களுக்குப்பின் காமா பெரும்பாலும் கோதாவின் புறத்தே நின்று இளையோர்க்கு வழிகாட்டினார். இமாம் பக்ஷின் மக்களாகிய போலு சகோதரர்கள் பிற்காலத்தில் அக்குடும்பத்தின் புகழைப் பாகிஸ்தானில் தொடர்ந்து காத்தனர்.

இறுதிக் காலம்

1947இல் நாடு பிரிவுற்றது. தலைமுறைகளாகச் சேர்ந்து வாழ்ந்தோர் ஒருவரையொருவர் அஞ்சி ஊர்விட்டு ஓடும் காலம் வந்தது. காமா அப்போது லாகூரில் மோஹ்னி சாலையில் வாழ்ந்தார். அத்தெருவில் இந்துக் குடும்பங்கள் பல இருந்தன. கலகக் கூட்டம் அத்தெருவை நோக்கி வந்தபோது, எழுபதை அணுகிய அம்முதியவர் தம் மல்லரோடு தெருவில் இறங்கி நின்றார் என்றும், அவர் நின்ற நிலை கண்டு கூட்டம் கலைந்தது என்றும், பின்னர் அக்குடும்பத்தினர் பாதுகாப்பாக எல்லை கடக்க அவரே துணை புரிந்தார் என்றும் கூறுவர். மற்போர் வரலாற்று ஏடுகளில் இடம்பெறாத போர் இது. கச்சையில்லை, பரிசில்லை, நடுவருமில்லை. எனினும், கல்வளையம் அணிந்து கழித்த காலமெல்லாம் இவ்வொரு நாளுக்காகவே கழிந்தது என்று சொல்லத் தோன்றுகின்றது.

இப்பயிற்சி முறைக்கும் இந்நிகழ்ச்சிக்கும் ஓர் உள்ளுறவு உண்டு. தண்டாலும் பஸ்கியும் ஒரு சமயத்தார்க்கோ ஒரு சாதியார்க்கோ உரியனவல்ல. அனுமனை வணங்கிக் கோதாவில் இறங்கிய இந்து மல்லரும், இறைவனைத் தொழுது இறங்கிய முஸ்லிம் மல்லரும் ஒரே மண்ணைப் பூசிக்கொண்டனர். ஒரே உஸ்தாதிடம் பயின்றாரும் உண்டு. மேனாட்டார் இக்காலத்தில் தண்டாலுக்கு இந்து புஷ்-அப் என்றும், பஸ்கிக்கு இந்து ஸ்குவாட் என்றும் பெயரிட்டு வழங்குகின்றனர். அவ்விந்துப் பயிற்சிகளை உலகறியச் செய்தவர் ஒரு முஸ்லிம் மல்லர் என்பதை நினைத்தால், கோதாவின் மண் எத்துணை பொதுவானது என்பது விளங்கும்.

சமஸ்தானங்கள் மறைந்தன, புரவலரும் மறைந்தனர். மல்லர்க்கு உணவளித்த அரண்மனைகள் வேறு பயன்களுக்கு ஆயின. காமாவின் இறுதி ஆண்டுகள் நோயிலும் பொருட்குறைவிலும் கழிந்தன. இந்தியத் தொழிலதிபராகிய ஜி. டி. பிர்லா எல்லைக்கு அப்பாலிருந்து அவருக்கு மாத உதவி அனுப்பினார். பாகிஸ்தான் அரசும் துணை புரிந்தது. 1960 மே 23ஆம் நாள் லாகூரில் காமா உயிர் நீத்தார். எவராலும் முதுகு மண்ணிற் பட வீழ்த்தப்பெறாதவர் எனப் பெயர் பெற்றவர் அன்று மண்ணோடு கலந்தார்.

முடிவுரை

காமாவைப்போல் ஆயிரக்கணக்கில் தண்டால் எடுக்க மாணவராகிய நமக்கு நேரமுமில்லை, தேவையுமில்லை. அவருடைய எண்ணிக்கையைப் பின்பற்றாது அவருடைய நெறியைப் பின்பற்றுதலே அறிவுடைமை. நாள்தோறும் பத்துப் பஸ்கியும் ஐந்து தண்டாலும் தொடங்கி, ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டு கூட்டுவோமாயின், ஆண்டிறுதியில் நம் உடலே நமக்குச் சான்று கூறும். முழங்கால் அல்லது இதயத்தில் நோயுடையார் மருத்துவரை உசாவித் தொடங்குதல் நன்று. தொடக்கத்தில் முழுவதும் அமர இயலாதவர் பாதியளவு அமர்க. வலி தோன்றின் நிறுத்துக. மூச்சு இரைத்தால் தாளத்தைக் குறைக்க. விடுதி அறையின் மூலையும், ஆற்றங்கரை மணலும், வீட்டு முற்றமும் இதற்குப் போதிய கோதாவாம்.

நம் ஊர்களில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும் தண்டால், பஸ்கி என்னும் சொற்கள் பள்ளிகளில் பெரும்பாலும் தண்டனையின் பெயர்களாகவே எஞ்சி நிற்கின்றன. பாடம் ஒப்பிக்காத சிறுவனுக்கு ஆசிரியர் விதிக்கும் பஸ்கி, பத்து வயதில் ஒரு சிறுவரை ஜோத்பூர் மன்னர் முன் நிமிர்ந்து நிற்கச் செய்த அதே பஸ்கிதான். அதனைத் தண்டனை என்னும் சிறையினின்று மீட்டுப் பயிற்சி என்னும் உரிய இடத்தில் அமர்த்துதல் மாணவர் கடமை. அவ்வாறு ஈட்டும் வலிமையை எளியார்மேற் காட்டாது, எளியார்க்கு இடர் வந்தவிடத்து மோஹ்னி சாலையில் நின்ற முதியவர்போல் முன்னே நிற்றற்குப் பயன்படுத்துவோமாக.